கமலினி நடத்திய குடல் வகுப்பு

மெல்பேர்னின் தென்கிழக்கில் எந்தக் கலியாணப் பந்தியிலும் கமலினிக்குப் பக்கத்துக் கதிரை காலியாகத்தான் இருக்கும். அவளோடு யாருக்கும் பகை கிடையாது. போன மாதம் தன் குடலைப் பார்த்தவள் இந்த மாதம் தன் இலையைப் பார்க்கிறாளே என்று ஆட்களுக்கு ஒரு கூச்சம். ரோவில் புறநகர் தொடக்கம் நோபல் பார்க் வரைக்கும் உள்ள தமிழ்க் குடல்களில் பாதி அவள் கண்ணுக்குப் பழக்கம் என்று நான் சொன்னால், கொஞ்சம் கழித்துவிட்டு மிச்சத்தை நம்பலாம்.

கைதடியில் பிறந்தவள். யோகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவளுக்கு ஆங்கிலம் வந்தது. அவருடைய ஆங்கிலம்தான் அவளுக்கு விளங்கவில்லை. நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, அவர்கள் ஏசிய ஏச்செல்லாம் பாடமாக்கி, அந்த ஆங்கிலத்தோடு நர்சிங் படிக்கப் போனாள். முதல்நாள் வகுப்பில் தன்னை அறிமுகப்படுத்தியபோது நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்துவிட்டதாம். இதை அவள் மறுக்கிறாள். மறுக்கும்போது சிரிக்கிறாள்.

படித்து முடித்து மல்கிரேவில் ஒரு வயிற்றுநோய்க் கிளினிக்கில் சேர்ந்தாள். அங்கே டொக்டர்மார் வாய் வழியாகவும் மற்ற வழியாகவும் கமரா பூட்டிய குழாயை விடுவார்கள்; கமலினி அந்தக் குழாயைக் கழுவுவாள். வருடக்கணக்காகக் கழுவினாள். கையுறைக்குள்ளே அவளுடைய விரல்கள் எப்போதும் ஊறிப்போயே இருந்ததால் மோதிரம் கழன்று விழுந்து, இப்போது அதைச் சங்கிலியில் கோர்த்துப் போட்டிருக்கிறாள்.

பிறகு கப்சூல் வந்தது. பெரிய சத்துக்குளிசை அளவில் ஒரு கமரா. உள்ளே விளக்கு எரியும். தண்ணீரோடு விழுங்கிவிட்டு, இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அது வயிற்றில் புரண்டு, சிறுகுடலின் வளைவெல்லாம் சுற்றி, வழிநெடுக ஆயிரக்கணக்கில் படம் பிடித்துப் பட்டிக்கு அனுப்பும். மேலிருந்து விடும் குழாயும் கீழிருந்து விடும் குழாயும் எட்டாத நடுப்பகுதிக்கு இதுதான் கண். வேலை முடிந்ததும் தானாகவே வெளியே போய்விடும். எந்த வழியாக என்று விளக்கத் தேவையில்லை. திருப்பித் தரவேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. கமலினி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் படங்களை உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டும். டொக்டர் நரசிம்மன் கமலினியையும் ப்ரீத்தியையும் பழக்கினார். நரசிம்மன் மயிலாப்பூர்க்காரர், கோபம் வந்தாலும் குரல் ஏறாது, மூக்குக்கண்ணாடி மட்டும் இறங்கும். ப்ரீத்தி சென்னையிலிருந்து வந்த நர்ஸ், கமலினியைவிட இளையவள், எதையும் வரிசை பிசகாமல் செய்கிறவள். குடல் படம் பார்ப்பது லேசான வேலை இல்லை. கதாநாயகன் கிடையாது, பாட்டுக் கிடையாது, வளைவுக்குப் பின்னால் வளைவு. நடுவில் ஒரு கணம் கொட்டாவி விட்டால் வில்லன் வந்து போய்விடுவான். தொடக்கத்தில் கமலினி நுரையைப் புண் என்று குறித்தாள். தக்காளித் தோலை இரத்தக் கசிவு என்று குறித்தாள். நரசிம்மனின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

"கமலினி, இது தக்காளி. இதுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. ரசம் வேணா வைக்கலாம்."

ஆனாலும் பழகிவிட்டாள். அவளுக்கும் ப்ரீத்திக்கும் கண் தேறியதும், வெளி ஆஸ்பத்திரி நர்ஸ்மாருக்கும் டொக்டர்மாருக்கும் இதைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைக் கிளினிக் தொடங்குவதென்று முடிவானது. பொறுப்புக்கு ஒருவர் வேண்டும்.

"ஆளுக்கு ஒரு சனிக்கிழமை எடுத்துக்கோங்க" என்றார் நரசிம்மன். "யார் க்ளாஸ் நன்னா வர்றதோ, அவங்களுக்குப் போஸ்ட்."

கமலினி வாழ்க்கையில் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. வீடு, கார், கணவன் எல்லாம் பிறர் பார்த்து வாங்கித் தந்தவை. அன்று இரவு சோறு போடும்போது யோகேஸ்வரனிடம் சொன்னாள்: "எனக்கு இந்த வேலை வேணும். எவ்வளவு காலம்தான் பக்கத்திலை நிண்டு சாமான் எடுத்துக் குடுக்கிறது? ஒருக்கா முன்னுக்கு நிண்டு நான் கதைக்க, மற்றவை கேக்க வேணும்."

"வீட்டிலை அதுதானே நடக்குது" என்றார் யோகேஸ்வரன்.

முதல் சனிக்கிழமை ப்ரீத்தியின் வகுப்பு. தொடங்கியதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. நோயாளி விழுங்கினார், படம் கண்ணாடி மாதிரி வந்தது, எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். கமலினிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளுடைய முறை. ப்ரீத்தியின் நோயாளியைவிடச் சுத்தமான குடல் ஒன்று வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் புரண்டவள் பக்கத்தில் பார்த்தாள். குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தது.

யோகேஸ்வரனைப் பற்றிச் சொல்லவேண்டும். டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். அந்த வேலையை அவர் உத்தியோகம் என்பார். அவருடைய உண்மையான பதவி கோயிலில்தான்: ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் சூரன்போரில் சூரன் சிலையைத் தோளில் தூக்கி ஆட்டுகிறவர்களில் காவுதடியின் முன்வலது கொம்பு அவருடையது. அவர் ஒரு துள்ளுத் துள்ளினால் சூரனுடைய தலை ஆடும், முன்வரிசைப் பிள்ளைகள் அழும். போன வருடம் பாதியில் அவருக்கு மூச்சு வாங்கி, சூரன் ஒரு பக்கம் சரிந்து, முருகன் வேல் விடும் முன்னரே படுத்துவிடப் பார்த்தான். இரத்தம் சோதித்தால் இரும்புச்சத்துக் கீழே கிடந்தது. மேல் குழாயும் விட்டார்கள், கீழ்க் குழாயும் விட்டார்கள், ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் எங்கேயோ கசிகிறது, கப்சூல் விழுங்கவேண்டும் என்று நரசிம்மன் எழுதிக் கொடுத்திருந்தார்.

"வாற வெள்ளி சூரன்போர். சனி என்ரை வகுப்பு" என்றாள் கமலினி காலையில். "ஆறு நாளும் நீங்கள் விரதம். எப்பிடியும் கப்சூல் விழுங்கத்தான் வேணும். என்ரை வகுப்பிலை வந்து விழுங்குங்கோவன்."

"எல்லாருக்கும் முன்னாலையோ?"

"சூரனை எல்லாருக்கும் முன்னாலைதானே ஆட்டுறியள்."

"அது சூரன்ரை வயிறு. இது என்ரை."

ஆனாலும் சம்மதித்தார். சபைக்கு முன்னால் எதையாவது செய்யச் சொன்னால் அவருக்கு மறுக்கத் தெரியாது. ஆறு நாளும் இரவில் பாலும் பழமும் மட்டும். வியாழனும் வெள்ளியும் பழத்தையும் விட்டார். வெள்ளி மாலை சூரனை ஆட்டிவிட்டு வந்து, குடல் கழுவும் பேதி மருந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதும் குடித்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த இரவு அவர் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் ஜீலோங் போயிருக்கலாம்.

சஷ்டி பிடித்தவர்களுக்குத் தெரியும், ஏழாம் நாள் காலை பாரணை. குளித்து, கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டு விரதத்தை முடிக்கவேண்டும். கமலினி தன் வேலை நேரங்களால் விரதமே பிடிக்காதவள். விரதத்துக்குத் தொடக்கம் இருப்பது அவளுக்கு நினைவிருந்தது. முடிவு இருப்பது நினைவில் இல்லை.

சனிக்கிழமை விடிய யோகேஸ்வரன், "கோயிலிலை தீர்த்தம் வாங்கிக்கொண்டு நேரை கிளினிக்குக்கு வாறன்" என்றார். "ஓம், ஓம்" என்றுவிட்டு அவள் வகுப்புக்குத் திரை பூட்டக் கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

கோயில் மடைப்பள்ளி சிவகௌரி அன்ரியின் ஆட்சியில் இருந்தது. கையில் அகப்பை இருக்கும்வரை ஐயருக்கே அவரிடம் பயம். யோகேஸ்வரன் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"தம்பி, எங்கை ஓடுறீர்? இலை போட்டாச்சு."

"இல்லை அன்ரி, இண்டைக்கு ஒரு கமரா விழுங்க வேணும்."

"விழுங்கும். முதல் சோத்தை விழுங்கும். பாரணை பண்ணாமல் போனால் ஆறு நாளும் சும்மா பட்டினி கிடந்த மாதிரித்தான். அதை விரதம் எண்டு முருகன் கணக்கிலை எடுக்கமாட்டார்."

ஆறு நாள் பட்டினியும் ஒரு காலைப் பொழுதில் வீணாய்ப் போவதா? யோகேஸ்வரன் இலைக்கு முன்னால் இருந்தார். ஒரு பிடி என்று தொடங்கினார். கத்தரிக்காய்க் குழம்பு வந்தது, பயற்றங்காய் வந்தது, பருப்பு வந்தது, பச்சைமிளகாய் போட்ட வாழைக்காய் வந்தது. ஆறு நாள் காய்ந்த மனிதர். அகப்பை வந்த பக்கமெல்லாம் இலையை நகர்த்தினார்.

கிளினிக்கின் கூட்ட அறையில் பெண்டிகோவிலிருந்தும் ஷெப்பார்டனிலிருந்தும் வந்த நர்ஸ்மார், இரண்டு இளம் டொக்டர்மார், பின்வரிசையில் நரசிம்மன், ஓரமாக ப்ரீத்தி. முன்னால் கமலினி. அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. கப்சூலைத் தூக்கிக் காட்டியபோது பெண்டிகோ நர்ஸ், நாயொன்று இதை விழுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்குக்கூடப் பதில் வைத்திருந்தாள். எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில் நடந்தது. உங்களுக்காக நான் தமிழில் போடுகிறேன்.

யோகேஸ்வரன் வந்து முன்கதிரையில் இருந்தார். இடுப்பில் பட்டியைக் கட்டினார்கள். விழுங்கக் கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வியை ஒரு டொக்டர் கேட்டார்: "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?"

யோகேஸ்வரன் வாயைத் திறந்தார். அதற்குள் கமலினி சொல்லிவிட்டாள்: "இவர் ஆறு நாளாக விரதம். இந்த அறையிலேயே சுத்தமான குடல் இவருடையதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரன் வாயை மூடினார். மனைவி சபையில் அப்படிப் புகழ்ந்த பிறகு திருத்துவதற்கு எந்தக் கணவனுக்கு மனம் வரும்? ப்ரீத்தி மட்டும் மெதுவாகத் தமிழில் கேட்டாள்: "அக்கா, அதை அவர்கிட்டயே கேக்கணும்ல?"

"எனக்குத் தெரியாத வயிறோ" என்றாள் கமலினி.

விழுங்கினார். பட்டி பிடிக்கும் படம் உடனுக்குடன் திரையில் விழுந்தது. முதலில் பல் தெரிந்தது. பிறகு தொண்டை, இருட்டு, வயிறு. கமலினி கோலை எடுத்துத் திரையைச் சுட்டி, "இப்போது இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக..." என்று தொடங்கித் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளையாக இருந்தது. மடிப்பைக் காணவில்லை. திரை முழுக்க வெள்ளை மணிகள்.

"ஒட்டுண்ணிகளா?" என்று ஷெப்பார்டன் நர்ஸ் கேட்டாள்.

கமலினிக்குப் பார்த்த உடனே தெரிந்தது. தினமும் தன் கையால் வடிக்கிறதுதானே. கணவனுடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னப்பா இது?"

"எது?"

"சோறு."

"சோறோ? நான் ஒண்டும் சாப்பிடேல்லை. தீர்த்தம்தான் குடிச்சனான்."

"தீர்த்தத்திலை சோறு கிடந்ததோ?"

"ஒண்டு ரெண்டு விழுந்திருக்கும்."

அந்த நேரம் கப்சூல் ஒரு புரளுப் புரண்டது. திரையில் இடமிருந்து வலமாக ஒரு பயற்றங்காய்த் துண்டு போனது. அந்தப் பெரிய திரையில் அது போனதைப் பார்த்தவர்கள், டண்டினோங் ரெயில் ஒன்று நிற்காமல் போனதுபோல் இருந்தது என்கிறார்கள்.

"உதுவும் தீர்த்தமோ?"

"உது... பழசாய் இருக்கும், கமலி. முந்தின கிழமை."

பின்வரிசையில் நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் ப்ரீத்திக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. வெளியூர் நர்ஸ்மாருக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் கணவன் மனைவி சண்டைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. தன் வயிறு தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைப் பார்த்துக்கொண்டே முருகன்மேல் சத்தியம் செய்த முதல் மனிதர் யோகேஸ்வரன்தான். அவர் சத்தியத்தை முடிக்குமுன் திரை முழுக்கப் பச்சையானது. அசையவில்லை. பச்சையின் நடுவில் நேராக ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் கிளை நரம்புகள்.

"பித்தநீரா?" என்றார் இளம் டொக்டர், ஆர்வத்தோடு.

"கறிவேப்பிலை" என்றாள் ப்ரீத்தி. வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

முழு இலை. யாரும் மெல்லாத இலை. அது கமராவின் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. கப்சூல் எந்தப் பக்கம் புரண்டாலும் இலையும் கூடவே புரண்டது. யோகேஸ்வரன் தண்ணீர் குடித்துப் பார்த்தார், எழுந்து இரண்டு துள்ளுத் துள்ளியும் பார்த்தார். சூரனையே ஆட்டியவர். இலை அசையவில்லை.

தேநீர் இடைவேளை விடப்பட்டது. நரசிம்மன் கமலினியை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"ப்ரீத்தியோட க்ளாஸ் வீடியோ இருக்கு. மிஷின் ரிப்பேர்னு சொல்லிட்டு அதைப் போட்டு முடிச்சிடுங்கோ. மானம் தப்பிக்கும்."

"வேலை?"

கண்ணாடி இறங்கியது. அதுவே பதில்.

கமலினி குழாய் கழுவும் அறைக்குள் போய் நின்றாள். வருடக்கணக்காக நின்ற இடம். மெஷின் பழுது என்று சொல்லலாம். பெண்டிகோக்காரர்களுக்கு எது தெரியப்போகிறது? பிறகு அவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் நோயாளிகளின் மனைவிமாரிடம் கேட்டு எழுதுவார்கள். திரையில் உருளைக்கிழங்கு ஓடும். அப்போதும் மெஷின் பழுது என்பார்கள்.

திரும்பி வந்தாள். இலையை மாற்றவில்லை. அது பச்சையாகவே திரையில் நின்றது.

"மெஷின் நன்றாக வேலை செய்கிறது" என்றாள். "வேலை செய்யாதது நான். கேள்வி இவரிடம் கேட்கப்பட்டது, பதில் நான் சொன்னேன். இவர் என் கணவர். இவர் என்ன சாப்பிட்டார் என்று இப்போது எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். கேளுங்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

பிறகு நடந்ததைப் பொலிஸ் விசாரணை என்றே சொல்லலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யோகேஸ்வரன் இல்லை என்றார். காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டால் கோயில் என்றார். கோயிலில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டார்கள். உட்கார்ந்தாராம். முன்னால் என்ன இருந்தது? இலை. இலையில்? அங்கேதான் பிடிபட்டார். "பாரணையைச் சாப்பாடு என்று சொல்லக்கூடாது, அது கடவுள் காரியம்" என்று வாதாடியும் பார்த்தார். பெண்டிகோ நர்ஸ், அந்தக் கடவுள் காரியத்தில் எத்தனை கறி என்று கேட்டாள். அந்தப் பெண் பொலிசில் இருக்கவேண்டியவள்.

மாலையில் நரசிம்மன் சொன்னார்: "ஒரு கப்ஸ்யூல் வீணாப் போச்சு. அதை நான் மறக்க முடியாது. ஆனா அந்த விசாரணை நன்னாத்தான் இருந்தது. ரெண்டு வாரம் கழிச்சு வேற பேட்ச் வர்றது. அதே நோயாளி. ஒழுங்கா நடத்திக் காட்டுங்கோ. இல்லேன்னா ப்ரீத்திதான்."

வீட்டுக்குப் போகும் வழியில் கார் சிவப்பு விளக்கில் நின்றபோது யோகேஸ்வரன் கேட்டார்: "நீர் ஏன் எனக்குப் பதில் சொன்னனீர்?"

"நீங்கள் ஏன் இல்லை எண்டு சொல்லேல்லை?"

"நீர் கதைக்கேக்கை நான் எப்ப இடையிலை கதைச்சனான்?"

பச்சை விழுந்தது.

இரண்டு கிழமையும் அவள் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று மற்ற நோயாளிகளுக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். வகுப்புக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, தெளிவான நீராகாரம் மட்டும். வகுப்பில் ஒரு புதுச் சட்டமும் போட்டாள்: கேள்வி கேட்கும் நேரம் நோயாளியின் வீட்டார் யாரும் அறைக்குள் நிற்கக்கூடாது. வீட்டார் என்றால் அவளுந்தான். ஆகவே அந்தச் சனிக்கிழமை, முன்னால் நின்று வகுப்பை அழகாகத் தொடங்கிவிட்டு, அந்தக் கட்டம் வந்ததும் கோலை ப்ரீத்தியிடம் கொடுத்துவிட்டு நடைபாதைக்கு வந்து நின்றாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

இப்போது அவளுடைய வேலை இரண்டு பேருடைய வாயில் இருந்தது. ஒன்று வாழ்நாளெல்லாம் மழுப்பிய வாய். மற்றது அந்த வேலைக்குப் போட்டியாக நிற்கிறவளுடைய வாய். ப்ரீத்தி மேலோட்டமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கப்சூலை நீட்டினால் போதும். உள்ளே ஏதாவது கிடந்தால் திரை சொல்லிவிடும், கமலினியின் கதை முடிந்துவிடும்.

ப்ரீத்தி இம்முறை தமிழில் கேட்டு, வகுப்புக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அங்கிள், கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"முதல் இந்த அங்கிளை விடும் பிள்ளை. நேற்றுக் காலமை தெளிஞ்ச சூப்பு. பிறகு அப்பிள் ஜூஸ். பிளேன்ரீ."

"மத்தியானம்?"

"ஜூஸ்."

"அதுக்கு அப்புறம்?"

உள்ளே கதிரை கிறீச்சிட்டது. நடைபாதையில் கமலினி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ப்ரீத்தி அங்கேயே விட்டிருக்கலாம். அவள் விடவில்லை, வரிசை பிசகத் தெரியாதவள்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியில எங்கயாவது நின்னீங்களா?"

"நோபல் பார்க்கிலை ஒரு கடை கிடக்கு."

"இருக்கட்டும். என்ன வாங்கினீங்க?"

"ரோல்ஸ்."

"வெஜிடபிளா?"

பிறகு, பாவமன்னிப்புக் கேட்கிற குரலில், "மட்டன்."

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் ப்ரீத்தி. அது மருத்துவக் கேள்வி இல்லை. மயிலாப்பூர் டொக்டரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெள்ளியிலைதான் சூடாய்ப் போடுவினம்."

"ஒண்ணா?"

"மூண்டு. நேற்று மட்டும் இல்லைப் பிள்ளை. கலியாணம் கட்டின காலத்திலை இருந்து ஒவ்வொரு வெள்ளியும். காருக்குள்ளை இருந்து சாப்பிட்டு, பபிள்கம் சப்பிப்போட்டுத்தான் வீட்டை போறனான். நேற்று வேண்டாம் எண்டுதான் நினைச்சனான். கார் தானாய் அந்தப் பக்கம் திரும்பிட்டுது."

வெளியே கமலினியின் வாய் தானாகத் திறந்தது. கோயில் சூரன், வெள்ளிக்கிழமை, மட்டன். கலியாணம் கட்டிய காலந்தொட்டு வெள்ளி இரவுகளில் அவர் பசியில்லை என்று சொல்லி எழும்பியதும், அவள் அதைப் பக்தி என்று நினைத்து அயலுக்கெல்லாம் பெருமையடித்ததும் ஒன்றாக வந்து நின்றன. ஒரு சொல் வெளியே விழுந்திருந்தால் கதவு கழன்றிருக்கும். தான் போட்ட சட்டம். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ப்ரீத்தி வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "கப்சூலைக் கொடுக்கலாமா?"

"கூடாது" என்றார்கள் எல்லோரும்.

ப்ரீத்தி கப்சூலைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. மூடி, அலுமாரியில் வைத்துவிட்டாள். நரசிம்மன் எழுந்து வெளியே வந்தார். கமலினி இன்னும் வாயைப் பொத்தியபடி நின்றாள்.

"கையை எடுங்கோ. இன்னிக்கு யாரும் எதையும் முழுங்கல."

"தெரியும், டொக்டர்."

"போன தடவை முழுங்க விட்டீங்க. இந்தத் தடவை நிறுத்திட்டீங்க, அதுவும் ரூமுக்குள்ளயே இல்லாம. போஸ்ட் உங்களுக்குத்தான்." இரண்டடி போய்த் திரும்பினார். "ப்ரீத்திகிட்ட நேத்தே சொல்லிட்டேன், படம் படிக்கிற டிபார்ட்மென்ட் அவளுக்குன்னு. பேஷண்ட்டுங்ககிட்ட கேள்வி கேக்கறதைவிட குடலைப் பார்க்கறது நிம்மதின்னு அவளே சொன்னா."

வகுப்புக் கலைந்த பிறகு கமலினி உள்ளே போனாள். யோகேஸ்வரன் இடுப்புப் பட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"நான் உண்மை சொன்னனான்" என்றார்.

"ஓம். கேட்டனான்."

"வேலை கிடைச்சிட்டுதாமே."

"ஓம்."

"அப்ப கோவம் இல்லை."

"அது என்ரை உத்தியோகம்" என்றாள் கமலினி. "வெள்ளிக்கிழமை வேறை. வீட்டை வாங்கோ."

அடுத்த கிழமை மூன்றாம் முறையாகக் கப்சூல் வந்தது. வெள்ளியன்று கமலினி லீவு போட்டுவிட்டு, டண்டினோங்கிலிருந்து அவரைத் தானே ஏற்றி வந்தாள். நோபல் பார்க்கைத் தொடாமல் சுற்றுவழியால் வந்தாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சொந்தக் கணவனுடைய படத்தை அவள் படிக்கக்கூடாது, ப்ரீத்தி படித்தாள். சிறுகுடலின் ஒரு வளைவில் குங்குமப் பொட்டு அளவில் ஒரு சிவப்பு, மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. நரசிம்மன் நீண்ட குழாய் ஒன்றை விட்டு அதைச் சுட்டு அடைத்தார். சில மாதங்களில் இரத்தம் ஏறியது, மூச்சு வாங்குவது நின்றது.

அடுத்த சஷ்டியில் யோகேஸ்வரன் துள்ளிய துள்ளலில் சூரன் கோயில் கூரைக்கு மேலே போய், முருகன் இரண்டடி பின்னுக்குப் போய், ஐயர் மணியைக் கீழே போட்டுவிட்டார் என்று நான் சொன்னால், கூரையை மட்டும் கழித்துவிடுங்கள். கமலினி அதைப் பார்க்கவில்லை. சிட்னியிலிருந்து வந்த நர்ஸ்மார் ஓர் அறை நிறைய இருக்க, அவள் முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.